ஒருவருக்குப் புரியவில்லை

கரும்பலகைக்கு மேலிருந்த மானி ‘1’ என்று காட்டத் தொடங்கி அன்றோடு பத்தொன்பது நாட்கள்.

சண்முகவடிவு அந்தப் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சாத்தூரிலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் பயணம். இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சூரியத் தகடுகள் கறுப்பாய்ப் படுத்துக் கிடக்கும் பொட்டல். அதன் ஓரத்தில் ஐந்து அறைகள் கொண்ட ஆரம்பப் பள்ளி. அவளுக்கு ஐந்தாம் வகுப்பு, இருபத்து மூன்று பிள்ளைகள். தேர்வு எழுதி நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. முதல் நாள் பிள்ளைகள் எழுந்து நின்று “வணக்கம் டீச்சர்” என்று இழுத்தபோது முகத்தை மறைக்கச் சாக்பீஸைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

தமிழும் அறிவியலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாட்டாகப் பாடுவாள், படமாக வரைவாள், பாடவேளை முடிவதற்குள் மானி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பூஜ்யம் வந்ததும் அது ஒரு சின்ன மணி அடிக்கும். பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்வார்கள். அந்த மணிக்காகவே காலையில் எழுந்து கிளம்பலாம் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

மானியின் முழுப்பெயர் வகுப்பறைப் புரிதல்மானி. கூரையின் நான்கு மூலைகளிலும் பொட்டளவுக் கண்ணாடிகள் பதித்திருக்கும். ஒரு விஷயம் பிடிபடும் கணத்தில் மனிதருக்கு மூச்சு இழையளவு நின்று இளகும், கண்ணின் பாவை விரிந்து சுருங்கும்; மானி அதைத்தான் பார்க்கிறது, விடை சரியா தப்பா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்று பயிற்சியில் சொன்னார்கள். முதலில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு விளக்கு இருந்ததாம். புரியாத பிள்ளையின் மேசையில் சிவப்பு எரியும். பிள்ளைகள் கூனிக் குறுகிப் போகிறார்கள், பள்ளிக்கு வரமாட்டேன் என்று அழுகிறார்கள் என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்த பிறகு விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். மானி யார் முகத்தையும் அடையாளம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இப்போது மானி எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும். யார் என்று சொல்லாது. பெயரை எடுத்துவிட்டால் அவமானமும் போய்விடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பயிற்சி விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முடிவில் “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்றார்கள். இருநூறு ஆசிரியர்களில் ஒருவரும் கை தூக்கவில்லை. வடிவுக்கு இரண்டு மூன்று சந்தேகங்கள் இருந்தன. முதல் கையாகத் தன் கை எழுவதை நினைத்ததுமே காது சூடாகிவிட்டது. படித்த காலத்திலும் அவள் எந்த வகுப்பிலும் கை தூக்கியதில்லை. அதற்குள் டீ வந்துவிட்டது.

பின்ன வகுத்தல் பாடத்தைத் தொடங்கிய அன்று மானி பதினாறில் நின்றது. பிறகு ஒன்பது, நான்கு, இரண்டு. பிறகு ஒன்று. ஒன்றிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டது. தொடர்ந்து இரண்டு நாள் பூஜ்யம் வந்தால்தான் அடுத்த பாடம் திறக்கும் என்பது விதி. ஐந்தாம் வகுப்பு அந்த ஒரே பாடத்தில் மூன்று வாரத்துக்கும் மேலாக நின்றது.

“தலைகீழாப் போட்டுப் பெருக்கணும். அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்?” என்றாள் வடிவு. கரும்பலகையில் பதினைந்து கணக்குகள் போட்டிருந்தாள். ஒன்றில்கூடப் பிசகு இல்லை. அவளுக்கு எப்போதும் பிசகியதில்லை. “யாருக்குப் புரியல? பயப்படாம கை தூக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ஒரு கையும் எழவில்லை.

“டீச்சர், யாருன்னு எங்களுக்குத் தெரியும்” என்றான் முன்வரிசை லிங்கேஷ்.

“யாரு?”

“ஒண்ணுதான்.”

வகுப்பு சிரித்தது. இருபத்திரண்டு தலைகள் ஜன்னலோரக் கடைசி மேசைக்குத் திரும்பின. அங்கே முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டி ஒரு வாரம் ஆகிறது. தண்ணீர்க் குழாயடியில் “ஏய் ஒண்ணு, தள்ளுடி” என்பார்கள். விளையாட்டுப் பாடவேளையை எல்லாம் கணக்கு தின்றுவிட்ட கோபம் அவர்களுக்கு.

“அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்ல” என்று வடிவு அதட்டினாள். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து பிறந்தது என்று அவளுக்குத் தெரியும். முனீஸ்வரியை மதிய இடைவேளையில் தனியே உட்கார வைத்தது அவள்தான். ஜன்னலோரம் தனி மேசை போட்டதும் அவள்தான். யார் என்று மானி சொல்லாவிட்டால் யாராவது சொல்லியாக வேண்டுமே.

தலைமை ஆசிரியை எஸ்தர் ராணி வராந்தாவில் வந்து நின்றார். கணக்கு நேரத்தில் அவர் எந்த வகுப்புக்குள்ளும் நுழைவதில்லை. வாசற்படிக்கு வெளியே, வெயிலானாலும் தூறலானாலும் அங்கேயே நின்றுதான் பேசுவார். பாடத்துக்கு இடைஞ்சல் கூடாது என்கிற மரியாதை என்று வடிவு நினைத்திருந்தாள்.

“என்ன டீச்சர், இன்னைக்கும் ஒண்ணா?”

“ஆமா மேடம்.”

“ஒரு பிள்ளைக்காக இருபத்திரண்டு பிள்ளை நிக்குது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல ரெண்டு பாடம் தாண்டிட்டாங்க. அந்தப் பொண்ண மறுபயிற்சி மையத்துக்கு எழுதிருவோமா? சாத்தூர்ல நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. விடுதியும் இருக்கு.”

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. முனீஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம். மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவு முனீஸ்வரியின் எதிரே உட்கார்ந்து ஒரு கணக்கை எழுதினாள். அரையைக் காலால் வகுக்க வேண்டும்.

“ரெண்டு டீச்சர்.”

“ஸ்டெப் எழுதாம எப்படி ரெண்டு?”

“எங்கம்மா ஒரு தகடு துடைக்கக் கால் வாளித் தண்ணி ஊத்தும். அரை வாளி இருந்தா ரெண்டு தகடு. ரெண்டு கால் உள்ள இருக்குல்ல டீச்சர்.”

“வாளி, தகடுன்னெல்லாம் பரீட்சையில எழுத முடியாது. தலைகீழாப் போட்டுப் பெருக்கு.”

முனீஸ்வரி தலைகீழாகப் போட்டாள். பென்சிலைக் கடித்தாள். “டீச்சர், ஏன் தலைகீழாப் போடணும்?”

“அது விதி.”

“யாரு வச்ச விதி?”

வடிவுக்குச் சுருக்கென்றது. குழந்தை குறும்பாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் குரல் உயர்ந்துவிட்டது. “எல்லாரும் போடுறாங்கல்ல? உனக்கு மட்டும் என்ன? வாய்ப்பாட ஒழுங்காப் படி முதல்ல. ஏழெட்டு எவ்வளவு?”

“அம்பத்தி நாலு.”

“பாத்தியா!”

அதோடு பேச்சு முடிந்தது. பத்துக் கணக்குக் கொடுத்தால் முனீஸ்வரிக்கு ஆறு தப்பாகும். எல்லாம் பெருக்கலில் வரும் தப்பு. ஆனால் தப்பு தப்புதானே. அந்த ஒன்று வேறு யாராக இருக்க முடியும்?

புதன்கிழமை முனீஸ்வரியின் அம்மா பாண்டியம்மா வந்தாள். சூரியத் தகடு நிறுவனத்தின் பச்சைச் சட்டை, சேலைக்கு மேலே. கையில் ஆளுயரத் துடைப்பக் கம்பு. அதை எங்கே சாத்துவது என்று தெரியாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

“வீட்டுல நல்லாத்தான் டீச்சர் இருக்கா. கடைக்குப் போனா மிச்சக் காசு கரெக்டா வாங்கிட்டு வருவா. எனக்கு எத்தன வாளி தண்ணி மோக்கணும்னு அவதான் காலையில சொல்லி விடுவா.”

“அது வேற அம்மா. இது பாடம்.”

“மிஷினே சொல்லுதாமே?”

வடிவு சற்றுத் தயங்கினாள். “ஒருத்தருக்குப் புரியலன்னு சொல்லுது.”

“அது எம்பிள்ளதான்னு நீங்க சொல்றீங்க.”

“ஆமா.”

பாண்டியம்மா துடைப்பக் கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர். நான் என்னத்தக் கண்டேன்? படிச்சவங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். ராத்திரி என் சேலையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. விடுதியில பழகிக்கிருவா, என்ன?” அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “மூணாப்புப் பாடத்துலருந்து ஆரம்பிப்பாங்களாமே. ரெண்டு வருசம் பின்னாடி போகும்ல. போனாப் போகுது. புரிஞ்சாச் சரி.”

வியாழக்கிழமை முனீஸ்வரி வரவில்லை. மையத்தில் சேர்க்கும் முன் ஒரு தேர்வு வைப்பார்கள். அதற்காக அம்மாவோடு சாத்தூர் போயிருந்தாள். ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. வடிவு அன்று அந்தப் பக்கம் பார்க்காமலே பாடம் நடத்தினாள். கரும்பலகையில் ஒரு கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

மானி ‘1’ என்றது.

“டீச்சர், முனீசுதான் வரலியே!” என்றாள் ஒருத்தி.

“அது பழக்கதோசத்துல காட்டுது” என்றான் லிங்கேஷ்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை வடிவுக்குப் பயமாக இருந்தது. அடுத்த ‘ஒண்ணு’ யார் என்று தேடும் பார்வை.

நல்ல வேளையாக அன்று மானிகளைச் சரிபார்க்க பிரிட்டோ வந்திருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேனில் ஏணியோடு வரும் பழுது பார்ப்பவன், முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது. வராந்தாவில் கருவிப் பையைப் பரப்பிக்கொண்டிருந்தவனை வடிவு வாசலுக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“சார், இது தப்பாக் காட்டுது. புரியாத பொண்ணு இன்னைக்கு லீவு. அப்பவும் ஒண்ணுதான் வருது. கொஞ்சம் உள்ள வந்து பாருங்களேன்.”

“பீரியட் முடியட்டும் டீச்சர். இப்ப நான் உள்ள வந்தேன்னா ரெண்டாயிரும்.”

“ஏன்?”

“என்னையும் சேத்துல்ல எண்ணும். எனக்குக் கணக்குன்னாலே காய்ச்சல்.” அவன் சிரித்தான்.

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்கள ஏன் எண்ணும்? நீங்க பிள்ளையா?”

“ரூமுக்குள்ள மூச்சு விடுற எல்லாரையும் எண்ணும் டீச்சர். மொகம் பாக்கக் கூடாதுன்னு சட்டம். மொகம் பாக்காட்டி, யாரு வாத்தியாரு, யாரு பிள்ளைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பூனையும் பல்லியும் மட்டுந்தான் கணக்குல வராது.” ஒரு திருப்புளியை ஊதித் துடைத்தான். “ட்ரெய்னிங்ல சொல்லலியா?”

“சொன்னாங்க” என்றாள் வடிவு.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். கரும்பலகையில் அவளுடைய கையெழுத்து வரிசை வரிசையாக, அழகாக, சரியாக இருந்தது. “எல்லாரும் கணக்க எழுதுங்க. நான் தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்” என்றாள். படியைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தாள். தண்ணீர்ப் பானை பக்கம் போகவில்லை. சுவரில் கையூன்றி நின்றாள்.

மானி எண்ணை மாற்ற அரை நிமிடம் எடுக்கும். அந்த அரை நிமிடத்தில் அவள் தனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள். ஒன்றே இருக்கட்டும். ஒன்றாகவே இருக்கட்டும்.

உள்ளே மணி அடித்தது.

மேசைகள் அதிர்ந்தன. “பூஜ்யம்! பூஜ்யம்!” என்று பிள்ளைகள் குதித்தார்கள். “ஒண்ணு வரலன்னு மானிக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு! நான்தான் சொன்னேன்ல, ஒண்ணு இல்லன்னா பூஜ்யந்தான்!” என்று லிங்கேஷின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பிரிட்டோ எட்டி மானியைப் பார்த்தான். “நான் இன்னும் தொடவேயில்லையே…” என்று சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த திருப்புளிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினான். “சில நேரம் அப்படித்தான் டீச்சர். தானாச் சரியாயிரும்.”

அவன் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு எஸ்தர் ராணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். வெளியே டீச்சர் என்று அழைப்பவர் தனியாக இருக்கும்போது பெயர் சொல்லித்தான் பேசுவார்.

“இன்னைக்குப் பூஜ்யம் வந்துருச்சாமே.”

“ஆமா மேடம்.”

“வராந்தாவுல நின்னியாமே.”

வடிவு தலை நிமிரவில்லை.

“உட்காரும்மா. இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? உனக்கு முன்னாடி இருந்தாரே சார், அவரு வெத்தலை துப்பப் போற மாதிரியே வெளிய போய் நின்னுக்குவாரு. பாதிப் பாடம் வராந்தாவுலருந்துதான் நடக்கும். என்னையவே எடுத்துக்க. மானி வந்து ஆறு வருசம் ஆச்சு. கணக்கு நேரத்துல நான் எந்த ரூமுக்குள்ளயாவது கால் வச்சுப் பாத்திருக்கியா?”

அப்போதுதான் வடிவு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைங்க எப்படியோ புரிஞ்சுக்கிருதுங்க வடிவு. அதுதான எனக்கும் அதிசயம். நாம சொல்லிக் குடுக்கிறதத் தாண்டி அதுங்களாப் பிடிச்சுக்கிருதுங்க. நாம ஓரமா நின்னு குடுத்தாப் போதும். நாளைக்கும் வாசல்ல நின்னே நடத்து. ரெண்டு நாள் பூஜ்யம் ஆயிருச்சுன்னா அடுத்த பாடம் திறந்துரும்.”

“முனீஸ்வரி?”

“மையத்துல எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை சேக்கணும். பரீட்சையில நாப்பதுக்கு ஒம்பது மார்க்காம். நாளைக்கு வந்து அவ சாமானெல்லாம் எடுத்துக்கிட்டுப் போவா.”

“அவளுக்குப் புரியும் மேடம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

கேள்வி எளிமையானதுதான். பதிலும் ஒரே வரிதான். வடிவு அந்த வரியை நாக்கு நுனிவரை கொண்டு வந்தாள். அங்கே அது ஒட்டிக்கொண்டது. நான்கு வருடக் காத்திருப்பு, முதல் மாதச் சம்பளத்தில் எடுத்த சேலை, சாத்தூர் பஸ்ஸில் “டீச்சர் உட்காருங்க” என்று எழுந்து இடம் கொடுத்த கிழவர், எல்லாம் சேர்ந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டன.

“வாய்ப்பாடுதான் தெரியல அவளுக்கு” என்று மட்டும் சொன்னாள்.

“அங்க சொல்லிக் குடுப்பாங்க” என்றார் எஸ்தர் ராணி.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் விரித்தாள். அட்டை வெளியே தெரியாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அரை வாளி, கால் வாளி. அதுவரை வந்தது. முக்கால் வாளியும் வந்தது. அடுத்த கணக்கு, மூன்றில் இரண்டு பங்கை ஐந்தில் மூன்று பங்கால் வகுக்கச் சொன்னது. தலைகீழாகப் போட்டாள். விடை பேனா நுனியிலேயே காத்திருந்தது: ஒன்றும், ஒன்பதில் ஒரு பங்கும். ஒன்பதில் ஒரு பங்கு என்றால் எதில் ஒன்பதில் ஒரு பங்கு? வாளியிலா? வாளிக்குள் இருக்கும் தண்ணீரிலா? அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பொட்டலில் தகடுகள் ஒன்றுபோல் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. இருபது வருடமாக இந்தக் கணக்கை அவள் தப்பில்லாமல் போட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அவள் வாசற்படிக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். “உள்ள புழுக்கமா இருக்கு” என்றாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. லிங்கேஷைக் கரும்பலகைக்கு அனுப்பி எழுத வைத்தாள். பாடம் தொடங்கியதிலிருந்தே மானி பூஜ்யத்தில் இருந்தது. பாடவேளை முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி. அது முடிந்துவிட்டால் பாடம் முடிந்தது. இனி அந்த வருடம் முழுக்கப் பின்ன வகுத்தல் கிடையாது. உள்ளே போய் உட்காரலாம்.

வாசல் கேட் பக்கம் பாண்டியம்மா தெரிந்தாள், கையில் ஒரு துணிப்பை. அவளை விட்டு முனீஸ்வரி மட்டும் ஓடி வந்தாள். கலர் கவுன் போட்டிருந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

“டீச்சர், சேவு. சாத்தூர்ல வாங்குனோம். எல்லாருக்கும் குடுக்கட்டுமா?”

“குடு” என்றாள் வடிவு.

முனீஸ்வரி படியில் தயங்கினாள். மானியைப் பார்த்தாள். “பூஜ்யமா இருக்கே டீச்சர். நான் உள்ள போனா கெட்டுப் போயிரும். வெளியவே நின்னு குடுக்கட்டுமா?”

வடிவு பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து யாரோ “வா முனீசு, சேவு சேவு!” என்று கத்தினார்கள். அவள் உள்ளே போனாள். மேசை மேசையாகக் கை நிறையச் சேவு வைத்துக்கொண்டே போனாள். கரும்பலகையில் லிங்கேஷ் பாதியில் விட்ட கணக்கைப் போகிற போக்கில் நின்று பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு அடுத்த மேசைக்குப் போனாள்.

பிள்ளைகள் சேவைத் தின்னாமல் மானியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று.

“டீச்சர்” என்றான் லிங்கேஷ். முதல்முறையாக அவன் குரல் இறங்கியிருந்தது. “முனீசு உள்ளதான் இருக்கா. இன்னும் பூஜ்யம்.”

அவன் தன் பெயரைச் சொன்னதைக்கூட முனீஸ்வரி கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல விரிந்தது. பொட்டலத்தை மேசையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

“டீச்சர்! எனக்குப் புரிஞ்சிருச்சா டீச்சர்?”

வடிவு அவளைப் பார்த்தாள். புரிந்ததா இல்லையா என்று இந்தக் குழந்தை தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சுவரைக் கேட்கிறாள். டீச்சரைக் கேட்கிறாள். வாளியும் தண்ணீருமாக அவளுக்குள் அது தெளிவாக இருந்த நாளிலிருந்து இத்தனை நாளாக, இல்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“நான் புதுசா ஒண்ணுமே படிக்கல டீச்சர். எப்படிப் புரிஞ்சுச்சு? அப்ப நான் திங்கக்கிழமை போக வேண்டாம்ல? அம்மாகிட்டச் சொல்லவா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். நேற்றுத் தேர்வு எழுதியதில் உனக்குப் பிடிபட்டுவிட்டது கண்ணு, போய் அம்மாவிடம் சொல். மையத்துக்கும் எழுதிவிடலாம். பிள்ளை மிஞ்சுவாள், வேலை மிஞ்சும், ஸ்டூல் வாசலிலேயே கிடக்கும். அவள் வாயைத் திறந்தாள். ‘ஆ’ என்ற எழுத்துகூட உருவாகிவிட்டது.

“வாங்க டீச்சர், கிட்டக்க வந்து பாருங்க!” என்று முனீஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சேவு எண்ணெய் பிசுபிசுக்கும் கை. “வெயில்லயே உட்காந்திருக்கீங்க! உள்ள வாங்க.”

ஒன்பது வயதுக் குழந்தையின் இழுப்பு அது. உதறியிருக்கலாம். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து எஸ்தர் ராணி வருவது தெரிந்தது. அவர் கையைச் சற்றே உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல அசைத்தார்.

வடிவு படியைத் தாண்டினாள்.

உள்ளே நிழல் குளிர்ச்சியாக இருந்தது. முனீஸ்வரி அவளைக் கரும்பலகை வரைக்கும் கூட்டி வந்து நிறுத்தி, பெருமையாக அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்திருந்தார்கள். வடிவு மட்டும் தரையைப் பார்த்தபடி நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண் மாறியது. மணி அடிக்கவில்லை. ஏறும்போது அது சத்தம் போடுவதில்லை.

‘1’.

யாரும் சிரிக்கவில்லை. முனீஸ்வரியின் கை அவள் கையிலிருந்து தானாகக் கழன்றது. குழந்தை கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தாள். பிறகு பெரியவர்களைப்போல ஒருமுறை தலையாட்டிக்கொண்டாள்.

“இல்ல டீச்சர். நான்தான். சும்மாக் கொஞ்ச நேரம் தப்பாக் காட்டிருக்கு.” மேசைக்குப் போய்த் தன் பழைய நோட்டுகளையும் பென்சில் டப்பாவையும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நான் வெளிய போயிர்றேன். உங்களுக்குப் பூஜ்யம் வந்துரும். இன்னும் பீரியட் முடியல.”

வாசலை நோக்கி நடந்தாள். லிங்கேஷ் வழிவிட்டு ஒதுங்கினான். படிக்கு வெளியே எஸ்தர் ராணி வந்து நின்றிருந்தார், எப்போதும் நிற்கும் அதே இடத்தில்.

“முனீசு, நில்லு.”

தன் குரல்தானா என்று வடிவுக்கே சந்தேகமாக இருந்தது. காது சூடாகியிருந்தது. கழுத்தும் முகமும் கொதித்தன. இருபத்து மூன்று முகங்களும் வாசலில் ஒரு முகமும் அவளைப் பார்த்தன. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அது தோளுக்கு மேலே, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல, எழுந்திருந்தது.

“நீ வெளிய போனாலும் அது ஒண்ணுதான் காட்டும்மா” என்றாள். “இந்தக் கணக்கு புரியாத அந்த ஒரு ஆளு நான்தான்.”